பால் அகரில் தெளிவு வட்டம் வந்தால் அது எலாஸ்டேஸ்தானா? (சூடோமோனாஸ், எம்எஸ்சி புராஜெக்ட்)

நீலப்பச்சை:

வணக்கம். எம்எஸ்சி நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்கிற பாக்டீரியா சுரக்கும், எலாஸ்டின் என்ற புரதத்தை வெட்டும் எலாஸ்டேஸ் என்சைம்தான் என் புராஜெக்ட். கருவிழிப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த நான்கு ஐசோலேட்டுகள் கிடைத்திருக்கின்றன. நோயாளி பற்றிய விவரம் எதுவும் கிடையாது, குப்பியில் எண் மட்டும்: கே1, கே2, கே3, கே4. ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் துறையில் பல வருடமாக இருக்கும் பிஏஓ1 (இதே கிருமியில் எல்லா லேபும் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஸ்ட்ரெய்ன்).

எல்பி என்கிற ஊட்டத் திரவத்தில் 18 மணி நேரம் ஷேக்கரில் வளர்த்து, சென்ட்ரிபியூஜ் செய்து, கிருமி அடியில் இறங்கிய பின் மேலே நிற்கும் திரவத்தை (சூப்பர்நேட்டன்ட்) 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினேன். பால் பவுடர் கலந்த அகரில் துளை போட்டு, துளைக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டு, 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தேன். தெளிவு வட்டம் கே1 22 மில்லிமீட்டர், கே2 19, கே3 21. கே4 துளையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பிஏஓ1 வெறும் 11. மூன்று தடவை செய்தாயிற்று, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவிர மாற்றம் இல்லை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பிஏஓ1 எலாஸ்டேஸை நன்றாகச் சுரக்கும் என்றுதான் இருக்கிறது. எங்கள் கைடு, "அது லேப் ஸ்ட்ரெய்ன், நோயாளியிடமிருந்து வந்தவைதான் வீரியமானவை, அப்படியே எழுதிவிடு" என்கிறார். கே4-ஐ வீரியம் குறைந்தது என்று எழுதச் சொல்கிறார். கண்ணில் புண் வரவழைத்த ஒரு கிருமியை எந்தத் தைரியத்தில் வீரியம் குறைந்தது என்று எழுதுவது?

இன்னொன்று. எலாஸ்டேஸ் துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் என்சைம் என்பதால், உலோக அயனிகளைப் பிடுங்கும் இடிடிஏவைப் போட்டால் நின்றுவிடும் என்று படித்தேன். பால் அகரிலேயே இடிடிஏவைக் கலந்து கிருமியைத் தீற்றினேன். வட்டம் வரவில்லை. ஆனால் கிருமியும் சரியாக வளரவில்லை. இதை ஆதாரமாகக் காட்டலாமா?

கே4 கொழகொழவென்று இருக்கிறது. லூப்பைத் தூக்கினால் நூலாக வருகிறது. இரண்டு மில்லி போவதற்குள் ஃபில்டர் அடைத்துக்கொண்டது.

இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் தாத்தாவுக்குக் களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் உமி விழுந்தது. நாலு நாள் தாய்ப்பால் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கண் போய்விட்டது. அதனால் ஒப்புக்கு ஒரு ரிசல்ட் எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. வைவாவுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகர்_காய்ச்சி:

பாலையும் அகரையும் ஒன்றாக ஆட்டோகிளேவ் செய்தீர்களா? அப்படிச் செய்தால் பால் பழுப்பேறித் திரியும், வட்டத்தின் ஓரம் மங்கலாகத் தெரியும். பாலைத் தனியாகக் குறைந்த நேரம் சூடுகாட்டி, அகர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கலந்து ஊற்றுங்கள். எல்லாப் பிளேட்டிலும் ஒரே அளவு ஊற்றுவதும் முக்கியம். கனமான பிளேட்டில் வட்டம் சின்னதாகத்தான் வரும்.

நீலப்பச்சை:

தனியாகத்தான் செய்தேன். பிளேட்டுக்கு 20 மில்லி அளந்துதான் ஊற்றினேன். ஐந்து ஸ்ட்ரெய்னும் ஒரே பிளேட்டில்தான் இருக்கின்றன, அதனால் கனம் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மைனஸ்_எண்பது:

தங்கச்சி, சூடோமோனாஸோடு பதினான்கு வருடம் இருந்தவள் நான். உன் பிளேட்டில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பிளேட்டிடம் நீ கேட்கிற கேள்விதான் வேறு. பொறுமையாகப் படி, கொஞ்சம் நீளும்.

பாலில் இருப்பது கேசின். கேசின் மடிப்பு தளர்ந்த புரதம், எந்த புரோட்டியேஸும் (புரதம் வெட்டும் என்சைம்) சுலபமாக வெட்டிவிடும். ஏருஜினோசா வெளியே விடுகிற புரோட்டியேஸ் ஒன்றல்ல. நீ தேடுகிற எலாஸ்டேஸ் இருக்கிறது, அதற்கு லாஸ்-பி என்று பெயர். ஏபிஆர்-ஏ என்கிற ஆல்கலைன் புரோட்டியேஸ் இருக்கிறது. புரோட்டியேஸ் நான்கு என்று ஒன்று இருக்கிறது. மூன்றுமே பாலைத் தெளிய வைக்கும். 22 மில்லிமீட்டரில் யார் பங்கு எவ்வளவு என்று பிளேட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்தப் பிளேட்டை வைத்துக்கொண்டு "புரோட்டியேஸ் சுரப்பு" என்று எழுதலாம். "எலாஸ்டேஸ்" என்று எழுத முடியாது.

எலாஸ்டேஸ் என்று எழுத வேண்டுமானால் எலாஸ்டினைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். காங்கோ ரெட் சாயம் ஏற்றிய எலாஸ்டின் பொடியாக விற்கிறார்கள். டியூபுக்கு 10 மில்லிகிராம், டிரிஸ் பஃபர் 900 மைக்ரோலிட்டர், பிஎச் 7.2, அதில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. சூப்பர்நேட்டன்ட் 100 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் ஷேக்கரில் வை. முதலில் சிவப்புப் பொடி அடியில் குங்குமம் மாதிரி படிந்திருக்கும், மேலே பஃபர் பளிங்காக இருக்கும். லாஸ்-பி இருந்தால் பொடி கரையக் கரைய நீர் சிவக்கும். மூன்று மணி நேரத்தில் கண்ணுக்கே தெரியும். மீதிப் பொடியை நன்றாகச் சுற்றி அடியில் இறக்கிவிட்டு, மேல்நீரை 495 நானோமீட்டரில் படி. ஒரு துகள் க்யூவெட்டுக்குள் போனாலும் ரீடிங் பொய்யாகிவிடும்.

பிளாங்க்கில் ஏமாந்துவிடாதே. உன் சூப்பர்நேட்டன்ட்டே நீலப்பச்சையாக இருக்கும். பையோசயனின், பையோவெர்டின் நிறங்கள் ஸ்ட்ரெய்னுக்கு ஸ்ட்ரெய்ன் கூடும், குறையும். அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரெய்னுக்கும் எலாஸ்டின் போடாத டியூப் ஒன்று தனியாக வை. ஒரே பிளாங்க்கை ஐந்துக்கும் கழித்துவிட்டு, பச்சை அதிகமான ஸ்ட்ரெய்னை எலாஸ்டேஸ் அதிகம் என்று எழுதிக்கொண்டு வந்த மாணவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

லாஸ்-பி பற்றி எனக்குச் சலிக்காத ஒரு விஷயம் சொல்கிறேன். இத்தனை கூர்மையான கத்தரி, தன்னைச் செய்த செல்லையே ஏன் தின்பதில்லை? அது 498 அமினோ அமிலமாகப் பிறக்கிறது. முதல் 23 வழிகாட்டிச் சீட்டு. அடுத்த 174, கத்திக்கு உறை. அந்த உறைதான் மீதி 301-ஐச் சரியாக மடித்து, வாயையும் பொத்திப் பிடித்திருக்கிறது. உறையைத் தனியாக வெட்டிய பிறகும் அது விட்டுப் போவதில்லை, வெளிச்சவ்வைத் தாண்டும் கட்டம் வரைக்கும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வெளியே வந்த பிறகுதான் கத்தி திறக்கிறது. ஆகவே நீ சூப்பர்நேட்டன்ட்டில் அளப்பது சுரந்து, தாண்டி, திறந்த என்சைமை மட்டும்தான். ஜீன் இருக்கிறது என்று பிசிஆர் காட்டுவதும் இதுவும் ஒன்றல்ல.

இப்போது பிஏஓ1. உன் பதிவில் என்னை நிறுத்தியது "பல வருடமாக இருக்கும்" என்கிற சொல்தான். அது ஸ்லாண்ட்டிலா (சாய்வு அகர் டியூப்) இருக்கிறது? மாதாமாதம் ஒருவர் சப்கல்ச்சர் செய்து அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்களா? அப்படியானால் என் சந்தேகம் லாஸ்-ஆர் ஜீன் மேல்.

என் முதல் வருடத்தில் ஐந்து மாதம் இதில்தான் போனது. கட்டுரையில் இருக்கிற ரீடிங்கில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு வரவில்லை. பஃபரை மாற்றினேன், புது எலாஸ்டின் வாங்கினேன், தண்ணீரை மாற்றினேன். கடைசியில் பக்கத்து லேபில் ஒருவர் என் பிளேட்டைக் கையில் வாங்கி டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தார். "இது உங்க ஸ்ட்ரெய்ன் இல்லம்மா, இதோட வாரிசு" என்றார்.

நடப்பது இதுதான். இந்தக் கிருமி தனியாக இருக்கும்போது புரோட்டியேஸைக் கொட்டிச் செலவழிக்காது. ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விடுகிறது. கூட்டம் சேரச் சேர அது தேங்குகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் லாஸ்-ஆர் அதைப் பிடித்துக்கொண்டு லாஸ்-பி உள்பட நூற்றுக்கணக்கான ஜீன்களைத் திறந்துவிடுகிறது. எல்பி மாதிரி சாப்பாடு தயாராக இருக்கிற இடத்தில் இதெல்லாம் வெட்டிச் செலவு. அங்கே லாஸ்-ஆர் கெட்டுப்போன ஒரு செல் பிறந்தால், அந்தச் செலவு மிச்சம். மற்றவை வெட்டிப்போடுவதையும் தின்னும். பத்து இருபது தடவை மாற்றி நட்டால் அந்த வாரிசுகள் பெருகிவிடும். பெயர் மட்டும் பழைய பெயர்.

பிஏஓ1-இன் மூலம் 1950களில் மெல்போர்னில் ஒரு நோயாளியின் காயத்திலிருந்து வந்தது, புரூஸ் ஹாலோவே ஆய்வுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. இன்று லேபுக்கு லேப் பிஏஓ1-இன் மரபணுவிலேயே வித்தியாசம் இருக்கிறது என்பது வெளியான விஷயம்தான். அதுவும் நோயாளியிடமிருந்து வந்த கிருமிதான் என்பதை உன் கைடிடம் பணிவாகச் சொல்லிப் பார்.

நீ செய்ய வேண்டியது: தனித்தனிக் காலனி வரும்படி தீற்றி, இரண்டு நாள் வை. பிளேட்டைச் சாய்த்துப் பார். லாஸ்-ஆர் போன காலனியில் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி ஓர் உலோக மினுக்கம் ஓடும், நடுவில் காலனி தானே கரைந்து குழிந்த மாதிரி இருக்கும். அடுத்து, அடினோசின் மட்டுமே உணவாக உள்ள மினிமல் அகரில் தீற்று. லாஸ்-ஆர் நன்றாக இருந்தால் வளரும், போயிருந்தால் சோனியாக நிற்கும். கே4-ஐயும் இதே இரண்டு சோதனையில் வை.

கே4 பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வட்டம் இல்லை, ஆகவே வீரியம் இல்லை என்று எழுதவே எழுதாதே. 2016இல் எம்ஸ்பியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண் நோயாளிகளிடமிருந்து சேகரித்த சூடோமோனாஸ்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். லாஸ்-ஆர் கெட்டுப்போன ஸ்ட்ரெய்ன்கள் இருந்த கண்களில்தான் பாதிப்பு மோசமாக இருந்திருக்கிறது. அதை முதலில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் ஊர்க் கண்கள், நம் ஊர்க் கிருமிகள். எலாஸ்டேஸ் அதிகமானால் நோய் அதிகம் என்று நாம் வகுப்பில் போடுகிற நேர்கோடு அங்கே நிற்கவில்லை.

கிருமியிடம் இருப்பது லாஸ்-பி மட்டுமா? எக்ஸோ-யு என்று ஒரு பாஸ்போலிப்பேஸ் இருக்கிறது. அதைக் கிருமி வெளியே விடுவதில்லை. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்கிற ஊசியால் நேரே நம் செல்லுக்குள் செலுத்துகிறது. செல்லின் சவ்வு சில மணி நேரத்தில் கிழிந்துவிடும். உன் துளை பிளேட்டில் அது தெரியவே தெரியாது. எக்ஸோ-யு, எக்ஸோ-எஸ் இரண்டுக்கும் பிசிஆர் போடு. பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரெய்னில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

இடிடிஏ பிளேட்டை ஆதாரமாகக் காட்டாதே. இடிடிஏ இந்தக் கிருமியின் வெளிச்சவ்வையே குலைக்கும், வளர்ச்சி குறைந்ததற்கு அதுதான் காரணம். கால்சியத்தைப் பிடுங்குவதால் பாலையும் கொஞ்சம் தெளிய வைக்கும். வெறும் இடிடிஏவை ஒரு துளையில் விட்டுப் பார், புரியும். தடுப்பானைக் கிருமி இல்லாத சூப்பர்நேட்டன்ட்டோடு கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் சோதனைக்கு எடு. உலோகத்தைப் பிடுங்கும் பினாந்த்ரோலின் லாஸ்-பியையும் ஏபிஆர்-ஏவையும் நிறுத்தும். பாஸ்போரமிடான் லாஸ்-பியை நிறுத்தும், ஏபிஆர்-ஏவை விட்டுவிடும், ஆனால் விலை அதிகம். புரோட்டியேஸ் நான்கு உலோகம் தேவைப்படாத செரீன் வகை, உலோகம் பிடுங்கினாலும் அது பாட்டுக்கு வெட்டும். தடுப்பான் சேர்க்காமல், அதைக் கரைக்கும் ஆல்கஹாலை மட்டும் விட்ட துளை ஒன்றும் வேண்டும்.

கிருமியை நீக்கிய திரவத்தில் வேலை செய்கிறாயே, அதன் அருமை தெரிந்து செய். 1959இல் கொல்கத்தாவில் எஸ்.என்.டே காலராக் கிருமியை வளர்த்து, கிருமியை நீக்கி, வெறும் வடிநீரை முயலின் குடலில் விட்டுக் காட்டினார். குடல் நீரால் ஊதியது. நோயைச் செய்வது கிருமி வெளியே விடும் ஒரு பொருள் என்று அன்றுதான் நிலைநின்றது. அவ்வளவு எளிய கருவிகளோடு செய்த வேலை அது.

கடைசியாக, ஒரு புரதம்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஸ்டான்லி ஃபால்கோ 1988இல் வைத்த அளவுகோல் இருக்கிறது. ஜீனை எடுத்தால் வீரியம் குறைய வேண்டும், திருப்பி வைத்தால் திரும்ப வர வேண்டும். எம்எஸ்சியில் அவ்வளவு தூரம் போக நேரம் இருக்காது. ஆனால் எங்கே நின்றோம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடு. லாஸ்-பி இல்லாத மியூட்டன்ட் வைத்திருக்கும் லேப் எதையாவது கேட்டுப் பார். அது ஒன்று இருந்தால் உன் எலாஸ்டின் சோதனைக்குச் சரியான பூஜ்யம் கிடைத்துவிடும்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவளாக இருந்தால் இந்த வேலை முடியும்வரை கண்ணாடிக்கு மாறிவிடு. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

விழிப்புண்_வார்டு:

கண் மருத்துவர். லேப் வேலை எனக்குத் தெரியாது, கண்ணில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் நீர் போக மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்கிற நார்ப்புரதம். எலாஸ்டேஸ் என்று பெயர் இருந்தாலும் கண்ணில் அது எலாஸ்டினைத் தேடிப் போவதில்லை. சூடோமோனாஸ் புண் மற்றவற்றைவிட வேகம். முதல் நாள் மாலை உறுத்தல் என்றவர் மறுநாள் காலை பச்சை கலந்த சீழோடு வருவார். விளக்கில் பார்த்தால் படலம் ஊறிப்போய், ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி தொளதொளத்திருக்கும். அப்படி உருகுவதில் கிருமியின் என்சைம் ஒரு பங்கு. அங்கே ஓடிவரும் நம் வெள்ளணுக்கள் விடும், கொலாஜனை வெட்டும் கொலாஜினேஸ்களும் ஒரு பங்கு. மருந்தால் கிருமி செத்த பிறகும் சில கண்கள் உருகிக்கொண்டே போவது அதனால்தான். அந்த என்சைம்களைத் தணிக்க டாக்ஸிசைக்ளின் கூடவே கொடுப்பது உண்டு. கே4 விஷயத்தில் இதையும் மனதில் வையுங்கள். கிருமி வெட்டாவிட்டாலும், அது வரவழைக்கிறவை வெட்டும்.

உங்கள் தாத்தாவுக்கு வந்தது என்ன என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. உமி, இலை, தூசி பட்டு வரும் புண்களில் நம் பக்கத்தில் பூஞ்சைதான் அதிகம். காண்டாக்ட் லென்ஸோடு வருபவர்களிடம்தான் சூடோமோனாஸ் முன்னால் நிற்கும். எந்தக் கிருமியானாலும் கண்ணில் வீட்டு வைத்தியம் விட்டு நாள் கடத்திய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. நீங்கள் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியது நல்லது.

நீலப்பச்சை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்காவுக்கும் டாக்டருக்கும் நன்றி.

பிஏஓ1-ஐத் தீற்றி இரண்டு நாள் வைத்து டியூப் லைட்டுக்குச் சாய்த்தேன். அக்கா சொன்ன அதே மினுக்கம். எண்ணிப் பார்த்த 60 காலனிகளில் 51-இல் இருந்தது. சீனியர்களிடம் விசாரித்தேன். யாருக்கும் கிளிசரால் ஸ்டாக் ஞாபகம் இல்லை, ஸ்லாண்ட்டிலிருந்து ஸ்லாண்ட்டுக்குத்தான் வந்திருக்கிறது. வேறொரு லேபில் மைனஸ் 80-இல் இருந்த பிஏஓ1-ஐக் கேட்டு வாங்கினேன். பாலில் அதே நாளில், அதே பிளேட்டில் புதியது 24 மில்லிமீட்டர், பழையது 11.

காங்கோ ரெட் சோதனையில் ஒவ்வொன்றுக்கும் தனி பிளாங்க் கழித்து வந்த ரீடிங்: புதிய பிஏஓ1 0.94, பழையது 0.09, கே1 0.81, கே2 0.66, கே3 0.12, கே4 0.03. கே3-ஐப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பாலில் 21 மில்லிமீட்டர் வெட்டியது எலாஸ்டினைத் தொடவே இல்லை. சூப்பர்நேட்டன்ட்டோடு பினாந்த்ரோலின் கலந்து பாலில் விட்டேன். கே1, கே2 வட்டம் அநேகமாகப் போய்விட்டது. கே3 17 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஆல்கஹால் மட்டும் விட்ட துளையில் எதுவும் இல்லை.

கே4 அடினோசினில் வளரவில்லை. எக்ஸோ-யு பிசிஆரில் பட்டை வந்தது. லாஸ்-ஆர் ஜீனை வரிசை பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு பிஏஓ1 பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைடிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பில் "எலாஸ்டேஸ்" இருந்த இடத்தில் "புறச்சுரப்பு புரோட்டியேஸ்கள்" என்று அவரே பேனாவால் மாற்றினார். வீரியம் பற்றிய வரியை எடுத்துவிடலாம் என்றார்.

கே3-இல் இருப்பது புரோட்டியேஸ் நான்கு என்று எழுதலாமா?

மைனஸ்_எண்பது:

கே3 என்னையும் நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. ஆனால் இன்னும் எழுதாதே. டிஎல்சிகே என்கிற தடுப்பான் கொஞ்சம் கிடைத்தால் போதும். புரோட்டியேஸ் நான்கு லைசினுக்குப் பக்கத்தில் வெட்டுவது, டிஎல்சிகேவுக்கு அடங்கும். அதோடு ஜெலட்டின் கலந்த ஜெல்லில் ஓட்டிப் பார். மாதிரியைக் கொதிக்க வைக்காதே, மெர்காப்டோஎத்தனால் சேர்க்காதே, ஓடி முடிந்ததும் டிரைட்டான் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு இரவு முழுக்க 37 டிகிரியில் வை. நீலச் சாயத்தில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். கொதிக்க வைக்காத ஜெல்லில் இந்தப் புரதங்கள் தங்கள் எடைக்கு ஏற்ற இடத்தில் நிற்பதில்லை, அதனால் பட்டை நிற்கிற உயரத்தை வைத்துப் பெயர் சூட்டாதே. தடுப்பான் போட்டதையும் போடாததையும் அடுத்தடுத்த லேனில் ஓட்டு, எது மறைகிறது என்று பார். இரண்டும் ஒத்துவந்தால் "புரோட்டியேஸ் நான்காக இருக்கலாம்" என்று எழுது. அந்த "லாம்" இருக்கட்டும்.

புது பிஏஓ1-ஐயும் நான்கு கே-க்களையும் கிளிசராலில் போட்டாயா?

நீலப்பச்சை:

போட்டுவிட்டேன் அக்கா. 20 சதவீதக் கிளிசரால், ஒவ்வொன்றும் பத்து குப்பி, இரண்டு ஃப்ரீசரில் பிரித்து. மூடியில் தேதியும் எங்கிருந்து வந்தது என்பதும் எழுதியிருக்கிறேன். பழைய ஸ்லாண்ட்டையும் தூக்கிப்போடவில்லை. "பிஏஓ1 அல்ல, லாஸ்-ஆர் சந்தேகம்" என்று ஒட்டி, தனியாக வைத்திருக்கிறேன். டிஎல்சிகே வரப் பத்து நாள் ஆகுமாம். வந்ததும் எழுதுகிறேன்.